தொற்றுநோயாளி மருத்துவமனையில் தங்கும் காலம்

மழைக்காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் வரும்பொழுது டில்லி மாநகரத்து மருத்துவமனைகளில் காய்ச்சல் நோயாளிகளின் கூட்டம் பெருகுவது ஆண்டுதோறும் காணும் காட்சியாகும். தேங்கிய நீரில் பெருகும் ஏடிஸ் கொசு டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் பருவம் அது. 1996ஆம் ஆண்டில் அந்நகரில் 10,252 பேர் டெங்குவால் பீடிக்கப்பட்டனர். அவர்களுள் 423 பேர் உயிரிழந்தனர். 2015ஆம் ஆண்டில் நோயுற்றோரின் எண்ணிக்கை 15,000ஐக் கடந்தது. இத்தகைய காலங்களில் ஒரே படுக்கையில் இருவரைக் கிடத்த நேர்ந்ததும் உண்டு. புதிய படுக்கைகளைப் போடுவதொன்றே இதற்குப் பரிகாரம் என்று பலரும் எண்ணுவர். ஆனால் படுக்கைகளின் எண்ணிக்கையைப் போலவே கவனிக்கத்தக்க மற்றோர் எண்ணும் இருக்கிறது. ஒரு நோயாளி எத்தனை நாட்கள் அப்படுக்கையில் தங்குகிறார் என்பதே அது.

எளிய கணக்கு ஒன்றினால் இதனை விளக்கலாம். நூறு படுக்கைகள் கொண்ட ஒரு பிரிவில் ஒவ்வொரு நோயாளியும் சராசரியாகப் பத்து நாட்கள் தங்குவாராயின், நாளொன்றுக்குப் பத்துப் புதிய நோயாளிகளையே ஏற்க முடியும். தங்கும் காலம் எட்டு நாட்களாகக் குறையுமாயின், பழைய நிலையில் நூற்றிருபத்தைந்து படுக்கைகள் செய்யக்கூடிய வேலையை அந்த நூறு படுக்கைகளே செய்துவிடும். ஒரு செங்கல்லையும் வைக்காமல் இருபத்தைந்து படுக்கைகள் கிடைத்தமைக்கு இஃது ஒப்பாகும். எனினும் நோய் தீருமுன் அவசரமாக அனுப்பப்பட்டவர் மீண்டும் மோசமான நிலையில் திரும்பி வருவாராயின், இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துப் போகும். எனவே நாட்களைக் குறைக்க முற்படுவதற்கு முன்னர், அந்நாட்கள் எவற்றால் ஆனவை என்பதை ஆராய்தல் அவசியமாகிறது.

தொற்றுநோயாளி ஒருவர் மருத்துவமனையில் கழிக்கும் நாட்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். சிகிச்சைக்கு வேண்டிய நாட்கள் முதல் வகை. அபாயம் நேருமோ என்று கண்காணிக்கும் நாட்கள் இரண்டாம் வகை. பிறருக்கு நோய் தொற்றாதிருக்கத் தனித்து வைக்கும் நாட்கள் மூன்றாம் வகை. ஏதேனும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் நாட்கள் நான்காம் வகை. இந்நான்கும் எவ்வாறு கூடுகின்றன, எவ்வாறு குறைகின்றன என்பதை இனிக் காண்போம்.

நோயின் இயல்பு

ஒவ்வொரு நோய்க்கும் தனக்கென ஒரு கால அட்டவணை உண்டு. காலரா நோயாளி ஒருவர் சில மணி நேரத்திற்குள் உடல்நீர் முழுவதும் வற்றி மரணத்தின் வாயிலை அடையக்கூடும். ஆயினும் இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடு செய்தால், அவர் இரண்டு மூன்று நாட்களில் நடந்தே வீடு திரும்புவார். 1971ஆம் ஆண்டு வங்க அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் போங்காவ் முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுக்கச் செய்து, ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த மரணத்தை 4 சதவீதத்திற்கும் கீழே கொணர்ந்தார். நரம்பில் ஏற்றும் சலைனுக்காகப் படுக்கையில் கிடத்தி வைக்க வேண்டிய அவசியமும் அதனால் வெகுவாகக் குறைந்தது.

டெங்குவின் கால அட்டவணை இதற்கு மாறுபட்டது. நோய் கண்ட மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணிகிறது. நோயாளியும் உறவினரும் குணமாகிவிட்டதென்று மகிழ்கின்றனர். உண்மையில் சிலருக்கு அபாயம் தொடங்குவதே அப்பொழுதுதான். இரத்தக் குழாய்களினின்றும் நீர் கசிந்து, நாடி தளர்ந்து, அதிர்ச்சி நிலை தோன்றுவது காய்ச்சல் தணிந்ததை அடுத்த இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்தில்தான். ஆகையால் மருந்தின் உதவியின்றியே காய்ச்சல் ஒரு நாளேனும் அற்றிருத்தல், பசி எடுத்தல், சிறுநீர் நன்கு பிரிதல், மூச்சுத் திணறல் இன்மை, இரத்தத் தட்டணுக்கள் 50,000க்கு மேல் இருத்தல் முதலிய அடையாளங்களைக் கண்ட பின்னரே வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென விதி வகுக்கப்பட்டுள்ளது. வெறும் பார்வைக்கு வீணாகத் தோன்றும் இந்த ஓரிரு நாட்களே உயிரைக் காக்கும் நாட்களாகும்.

தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா இன்னும் நீண்ட பொறுமையை வேண்டுவது. டில்லியில் கிங்ஸ்வே காம்ப் பகுதியில் அமைந்துள்ள மஹரிஷி வால்மீகி தொற்றுநோய் மருத்துவமனை, இந்நோய்க்கு ஆளான குழந்தைகளை நகரினின்றும் அண்டை மாநிலங்களினின்றும் ஏற்றுச் சிகிச்சை செய்து வரும் நிலையமாகும். தொண்டையில் படர்ந்த வெண்படலம் சில நாட்களில் மறைந்துவிடலாம். குழந்தை எழுந்து விளையாடவும் தொடங்கலாம். ஆனால் கிருமி சுரந்த நஞ்சு இதயத் தசையைத் தாக்குவது பெரும்பாலும் முதல் வாரத்தின் இறுதியிலோ இரண்டாம் வாரத்திலோதான். ஆகவே விளையாடும் குழந்தையைப் படுக்கையில் இருத்தி, அதன் நாடியை எண்ணிக்கொண்டிருப்பது மருத்துவரின் கடமையாகிறது.

வந்து சேரும் நாள்

ஒருவர் மருத்துவமனையை விட்டுச் செல்லும் நாளைப் பெரும்பாலும் அவர் வந்து சேர்ந்த நாளே நிர்ணயித்துவிடுகிறது எனலாம். டிப்தீரியாவுக்கு உரிய எதிர்நஞ்சுச் சீரம், இரத்தத்தில் உலவும் நஞ்சை மட்டுமே முறிக்கும். திசுக்களைப் பற்றிக்கொண்ட நஞ்சை அதனால் அகற்ற இயலாது. முதல் நாளிலேயே சீரம் பெற்ற குழந்தைக்கும் ஐந்தாம் நாளில் பெற்ற குழந்தைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. 2018ஆம் ஆண்டின் மழைக்கால முடிவில் டில்லியில் இந்நோயால் குழந்தைகள் பலர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மேற்கு உத்தரப் பிரதேச மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், தடுப்பூசி போடப்பெறாதவர்கள். சீரத்திற்கு ஏற்பட்ட தட்டுப்பாடும் அவ்வாண்டில் துன்பத்தை மிகுவித்தது. உரிய வயதில் இடப்படும் தடுப்பூசி, மருத்துவமனையில் கழியும் நாட்களை வாரங்களினின்றும் சூனியமாக்கிவிடும் ஆற்றல் வாய்ந்தது என்பதை இந்நிகழ்ச்சி மறக்கவொண்ணாதபடி உணர்த்தியது.

நோயாளியின் வயது, உடல் வலிமை, ஏற்கெனவே உள்ள நோய்கள் ஆகியவையும் கணக்கில் சேர்கின்றன. ஊட்டமற்ற குழந்தைக்கு வரும் நிமோனியா எளிதில் தீர்வதில்லை. நீரிழிவு உடையவர்க்குக் காலில் ஏற்பட்ட சிறு புண்ணும் வாரக்கணக்கில் ஆறாதிருக்கும். முதியோருக்குத் தொற்று நீங்கிய பின்னரும் நடக்கும் வலிமை மீள நாட்கள் பிடிக்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். தங்கும் நாட்களின் சராசரி குறைந்ததைக் கொண்டே மருத்துவமனை சிறப்புற்றதாக முடிவு செய்வது தவறு. மிகவும் காலந்தாழ்த்தி வந்து மறுநாளே இறந்தவரின் கணக்கிலும் ஒரே நாள்தான் பதிவாகிறது. செலவுக்கு அஞ்சிச் சொல்லாமற் சென்றுவிட்டவரின் கணக்கும் குறுகியதே. ஒரு சிலர் மாதக்கணக்கில் தங்கினால் அனைவரின் சராசரியும் உயர்ந்துவிடும். ஆகையால் புள்ளிவிவர நிபுணர்கள், குணமாகிச் சென்றோர், இறந்தோர், தாமாகவே வெளியேறியோர் ஆகிய மூவகையினரையும் வேறுபடுத்தி எண்ணுவர். சராசரிக்குப் பதிலாக, வரிசையில் நடுவே நிற்கும் எண்ணைக் கொள்வர்.

மருந்தும் கிருமியின் எதிர்ப்பும்

மருந்துகள் தங்கும் காலத்தை எவ்வளவு குறைக்கக்கூடும் என்பதற்கு டைபாய்டு காய்ச்சல் தக்க சான்றாகும். முற்காலத்தில் இக்காய்ச்சல் மூன்று, நான்கு வாரங்கள் நீடித்தது. குளோராம்பெனிகால் என்னும் மருந்தை 1948ஆம் ஆண்டில் மலாயாவில் டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, காய்ச்சல் சில நாட்களுக்குள்ளாகவே தணிந்தது. ஆனால் கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு கிருமி 1972ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தலைகாட்டியது. 1990களில் இந்தியாவின் பல பகுதிகளிலும் பழைய மருந்துகள் பலவற்றுக்கும் ஒருசேர அடங்காத கிருமிகள் பரவின. அடுத்து வந்த சிப்ரோபிளாக்சசின் என்னும் மாத்திரையும் காலப்போக்கில் வலுவிழந்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மாத்திரையால் தீரும் நோய்க்கு, நோயாளி உண்ணவும் பருகவும் முடியும் நிலையில், படுக்கை தேவைப்படுவதில்லை. ஊசியால் மட்டுமே தீருமாயின், உடல் தேறிய பின்னரும் அவர் ஊசிக்காகவே தங்க நேர்கிறது. ஒரு கிருமி மாத்திரைக்கு அடங்காமற் போகும்பொழுது, மருத்துவமனையின் படுக்கைகளும் மறைமுகமாகக் குறைந்துபோகின்றன.

மருத்துவமனைக்குள்ளேயே பற்றும் கிருமிகள் இதனினும் கொடியவை. சிறுநீர்க் குழாய், நரம்பு ஊசி, செயற்கைச் சுவாசக் கருவி முதலியவற்றின் வழியே அவை உடலில் புகுந்து, ஒரு நோய்க்காக வந்தவரை மற்றொரு நோய்க்கும் ஆளாக்குகின்றன. மிக வலிய மருந்துகளையும் சிதைக்கும் ஒரு நொதியத்திற்கு 2009ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் சூட்டிய பெயரில் புது டில்லியின் பெயரே இடம்பெற்றதும், அதன் பொருட்டு எழுந்த வாதங்களும் பலரும் அறிந்தவையே. பெயர் எதுவாயினும், அத்தகைய கிருமி பற்றியவர்க்குத் தங்கும் நாட்கள் பெருகுவது உறுதி. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், தேவை தீர்ந்தவுடன் குழாய்களை அகற்றுதல் ஆகிய எளிய செயல்களே இதற்குச் சிறந்த காப்பாகும். ஒருவர் தேவையின்றித் தங்கும் ஒவ்வொரு நாளும் இக்கிருமிகளுக்கு அளிக்கும் ஒரு வாய்ப்பே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மருந்து கொடுக்கும் காலத்தைப் பற்றிய பழைய வழக்கங்களும் இக்காலத்தில் மறுபரிசீலனைக்கு உள்ளாகி வருகின்றன. இரத்தத்தில் கிருமி பரவியவர்களுக்கு இரண்டு வாரங்கள் மருந்து கொடுப்பதே பலரின் வழக்கமாக இருந்தது. 7 நாடுகளைச் சேர்ந்த 74 மருத்துவமனைகளில் 3,608 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2024ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஓர் ஆய்வில், 7 நாட்கள் மருந்து பெற்றோரில் 14.5 சதவீதத்தினரும், 14 நாட்கள் பெற்றோரில் 16.1 சதவீதத்தினரும் தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தனர். குறுகிய காலச் சிகிச்சை நீண்ட காலச் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று என்பது தெளிவாயிற்று. இம்முடிவு எல்லாக் கிருமிகளுக்கும் பொருந்துவதன்று. பொன்னிறத் திரள் கோளக் கிருமியால் பீடிக்கப்பட்டோர் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

சோதனைச் சாலைக்காகக் காத்திருத்தல்

கிருமி இன்னதென்றும், அது எம்மருந்துக்கு அடங்குமென்றும் அறிய வளர்ப்புச் சோதனை வேண்டும். இரத்தத்தை எடுத்து வளர்ப்பூடகத்திலிட்டு, கிருமி முளைத்து, அதன் இயல்பு தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. அதுவரை மருத்துவர் பல கிருமிகளையும் தாக்கும் ஊசி மருந்துகளையே நாட வேண்டியிருக்கிறது. முடிவு விரைந்து வருமாயின் ஊசியை விடுத்து மாத்திரைக்கு மாறலாம். நோயாளியை வீட்டுக்கும் அனுப்பலாம். மாதிரி எடுக்கத் தாமதம், விடுமுறை நாளில் சோதனைச் சாலை மூடியிருத்தல், எழுதி முடிந்த அறிக்கை வார்டுக்கு வந்து சேராமை ஆகியவற்றால் கழியும் நாட்களில் நோய்க்கு யாதொரு பங்கும் இல்லை. அவை வெறும் காத்திருப்பு நாட்களே.

தனித்து வைக்கும் காலம்

பிறரைக் காப்பதற்காக நோயாளியைத் தனித்து வைக்கும் வழக்கம் பழமையானது. பெரியம்மை கண்டவரை, உதிர வேண்டிய பொருக்குகள் யாவும் உதிரும் வரையில், ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்கள் தனித்து வைத்திருந்தனர். அந்நோயில் அது நியாயமான விதியே. ஆனால் எல்லா நோய்களிலும் விதியும் விஞ்ஞானமும் இவ்வாறு ஒத்துச் செல்வதில்லை.

2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவத் தொடங்கிய மாதங்களில், இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளிலும் வைரஸ் இல்லையென முடிவு வந்த பின்னரே நோயாளியை விடுவிக்கலாம் என்பது இந்தியாவில் விதியாயிருந்தது. இருமலும் காய்ச்சலும் நீங்கி நலமாயிருந்தவர்களும் சோதனை முடிவை எதிர்நோக்கி டில்லி மருத்துவமனைகளில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தனர். அச்சோதனையோ உயிருள்ள வைரஸையும் உயிரற்ற அதன் சிதைவுகளையும் வேறுபடுத்தி அறிவதன்று. தொற்றும் ஆற்றல் ஒழிந்து பல நாட்களான பின்னரும் அது வைரஸ் உண்டெனக் காட்டக்கூடும். இந்த உண்மை புலப்பட்டதும் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 8ஆம் தேதி விதியை மாற்றியது. நோயின் கடுமை குறைந்தவர்களை, அறிகுறி தோன்றிப் பத்து நாட்கள் கழிந்து, மூன்று நாட்கள் காய்ச்சல் இல்லாதிருப்பின், மறு சோதனையின்றியே அனுப்பலாம் என்றாயிற்று. எத்தனையோ படுக்கைகள் ஓர் ஆணையால் விடுபட்டன.

அதே ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, டில்லியில் நோய் கண்ட ஒவ்வொருவரும் ஐந்து நாட்கள் அரசாங்க நிலையத்தில் தங்கியே தீர வேண்டுமென ஆணை பிறந்தது. படுக்கைகளும் பணியாளரும் போதாரென்ற எதிர்ப்பு எழவே, மறுநாளே அது கைவிடப்பட்டது. இலேசாக நோயுற்றோர் வீட்டிலேயே தனித்திருக்கும் முறை தொடர்ந்தது. ஆனால் ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்தில் தனித்திருப்பது எவ்வாறு? அத்தகையோருக்காகவே, ஜூலை மாதத்தில் சத்தர்பூரில் பதினாயிரம் படுக்கைகளுக்கு இடமளிக்கும் பெரும் பராமரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. தங்கும் நாட்களை நோய் மட்டுமன்று, நோயாளியின் வீட்டுச் சுவர்களும் நிர்ணயிக்கின்றன என்பதை இது காட்டியது.

காசநோய் கற்பித்த பாடம்

தங்கும் காலத்தைப் பற்றிய மிகப் பெரிய மாறுதல் காசநோயில்தான் நிகழ்ந்தது. மருந்துகள் தோன்றுமுன் ஓய்வும் நற்காற்றும் நல்லுணவுமே சிகிச்சையாக இருந்தன. நோயாளிகள் சானடோரியங்களில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கிடந்தனர். நோயாளிகளின் தொகையோடு ஒப்பிட்டால் படுக்கைகள் மிகச் சில. இந்நிலையில் 1940ஆம் ஆண்டில் புது டில்லியில் நிறுவப்பட்ட காசநோய் சிகிச்சை நிலையம், நோயாளியை வீட்டிலேயே வைத்து ஒழுங்கான முறையில் கவனிக்கும் திட்டத்தை மேற்கொண்டது. வேறு வழியின்மையால் கைக்கொண்ட முறை என்றே பலரும் அதனைக் கருதினர்.

வீட்டுச் சிகிச்சை உண்மையில் தாழ்ந்ததுதானா என்னும் கேள்விக்குச் சென்னையில் விடை கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை ஒன்றுகூடி 1956ஆம் ஆண்டில் அங்கு ஒரு நிலையத்தை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகள் தெரிந்தெடுக்கப்பட்டு, விருப்பு வெறுப்பின்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வுடனும் நல்ல உணவுடனும் இருந்தனர். மற்றப் பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே, குறைந்த உணவுடன் வாழ்ந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் மருந்துகளே ஓராண்டுக் காலம் கொடுக்கப்பட்டன. ஆண்டு முடிவில் வீட்டிலிருந்தோரில் 86 சதவீதத்தினருக்கும், சானடோரியத்தில் இருந்தோரில் 92 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தொடர்ந்து செய்த ஆராய்ச்சியால் விளங்கியது. தொற்றுதல் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே நடந்துவிடுகிறது. முறையான மருந்து தொடங்கிய பின் அந்த அபாயம் விரைந்து குறைகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வீட்டுச் சிகிச்சை வென்றது, நோயாளியை அனுப்பிவிட்டுக் கைகழுவியதால் அன்று. வாரந்தோறும் மருந்து வழங்கி, இல்லந்தோறும் சென்று விசாரித்து, உண்டாரா என்று சோதித்ததாலேயே வென்றது. மருந்து உட்கொள்வதை நேரிற் பார்த்து உறுதி செய்யும் முறை 1993ஆம் ஆண்டில் சோதனையாகத் தொடங்கப்பட்ட இடங்களுள் டில்லியின் குலாபி பாக் பகுதியும் ஒன்றாகும். மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குப் பல காலம் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் சிகிச்சை தேவைப்பட்டது. அவருள் தகுதியுடையோருக்கு ஆறு மாதங்களில் முடியக்கூடிய, ஊசி இல்லாத புதிய மருந்துக் கூட்டுக்கு 2024ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஒப்புதல் அளித்தது.

வீடும் வருவாயும்

கட்டணம் வாங்காத மருத்துவமனையிலும் நோயாளிக்குச் செலவு உண்டு. அன்றாடக் கூலியில் வாழ்பவர் பத்து நாட்கள் படுத்திருந்தால் பத்து நாட்களின் கூலி போகும். உடன் தங்கும் மனைவியின் கூலியும் அத்துடன் போகும். தொலைவிலிருந்து வந்த குடும்பம் மருத்துவமனையின் வாயிற்புறத்தே நடைபாதையில் உறங்குகிறது. இதனால் சிலர் குணமாகுமுன்னரே எழுந்து சென்றுவிடுகின்றனர். வேறு சிலரோ, மீண்டும் வந்து செல்ல வழிச்செலவு இல்லையென்று, தங்க வேண்டியதற்கு மேலும் தங்க விரும்புகின்றனர். அருகிலுள்ள சிறு மருத்துவ நிலையமே மீதி மருந்தைக் கொடுத்துக் கவனிக்குமாயின் இவ்விரு சாராருமே பயனடைவர்.

மேற்கூறியவற்றால் தங்கும் காலத்தைக் குறைப்பதென்பது நோயாளியை விரைந்து வெளியேற்றுவதாகாது என்பது தெளிவாகும். டெங்கு நோயாளியைக் கண்காணிக்கும் இரண்டு நாட்களும், டிப்தீரியா கண்ட குழந்தையின் நாடியை எண்ணும் இரண்டு வாரங்களும் குறைக்கத்தக்கவை அல்ல. அறிக்கைக்குக் காத்திருக்கும் நாளும், ஆதாரமற்ற விதிக்காகக் கழியும் நாளும், மருத்துவமனையில் பற்றிய கிருமியால் கூடிய நாளும் குறைக்கத்தக்கவை. ஒவ்வொரு நாள் காலையிலும் வார்டைச் சுற்றிவரும் மருத்துவர், ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் நின்று, 'இந்நோயாளி இன்றும் இங்கிருக்க வேண்டிய காரணம் யாது?' என்று வினவி விடையைக் குறித்து வைப்பாராயின், எந்த நாள் எவ்வகையைச் சேர்ந்தது என்பது தானே விளங்கும். காரணம் உள்ள நாளை நோயாளிக்கு முழுமையாக வழங்குவதும், காரணமற்ற நாளை அவருக்குத் திருப்பித் தருவதும் மருத்துவமனையின் கடமையாகும். அவ்வாறு மீட்கப்பட்ட படுக்கையில்தான், வாயிலில் குழந்தையை ஏந்திக் காத்து நிற்கும் மற்றொரு தாய்க்கு இடம் கிடைக்கும்.